வண்டி வருகிறது, கணக்கு வருவதில்லை: ஒரு வாடகைக் கார் செயலி குறித்த மதிப்புரை

மூன்று ஆண்டுகளாக ஒரே வாடகைக் கார் செயலியைத்தான் பயன்படுத்தி வருகிறேன். இத்தகைய செயலிகளைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை, இருக்கை அழுக்காக இருந்ததையும் ஓட்டுநர் கனிவாகப் பேசியதையும் சொல்லிவிட்டு முடிந்துவிடுகின்றன. அவை வண்டிக்கு வண்டி மாறுபவை. அவற்றைக் கொண்டு சேவையை எடைபோடுவது, தபால்காரரின் சட்டையைப் பார்த்துத் தபால் துறையை எடைபோடுவதற்கு ஒப்பாகும். வண்டி நிறுவனத்துக்குச் சொந்தமன்று. ஓட்டுநரும் தன் ஊழியர் அல்லர் என்றே நிறுவனம் சொல்லிவருகிறது. அப்படியானால் அது நமக்கு விற்பவை இரண்டு முடிவுகள் மட்டுமே: எந்தப் பயணியிடம் எந்த வண்டியை அனுப்புவது என்பது ஒன்று, அந்தப் பயணத்துக்கு என்ன கட்டணம் என்பது மற்றொன்று. இந்த மதிப்புரை அவ்விரண்டையும் பற்றியது. முதலாவதற்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தயங்காமல் கொடுப்பேன். இரண்டாவதற்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

முதல் முடிவிலிருந்து தொடங்குகிறேன். ஒரு மாலை, தெருமுனையில் ஒரு வண்டி காலியாக நிற்பது என் கண்ணுக்கே தெரிந்தது. செயலியின் வரைபடத்திலும் அது அதே இடத்தில் நின்றது. எனக்கு ஒதுக்கப்பட்டதோ, நான்கு நிமிடத் தொலைவிலிருந்து வரவேண்டிய வேறொரு வண்டி. கண்முன் நின்ற வண்டி என்னைக் கடந்து போனபோது எரிச்சலாகத்தான் இருந்தது. பின்னர், இந்த ஒதுக்கீடு எவ்வாறு நடக்கிறது என்று தேடிப் படித்தபோது, அன்று செயலி செய்தது சரியாகவே இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இரண்டு பயணிகள், இரண்டு வண்டிகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி என்னிடம் வர 2 நிமிடமும் இரண்டாவது வண்டி வர 4 நிமிடமும் ஆகும். அடுத்த தெருவில் நிற்கும் மற்றொரு பயணியிடம் முதல் வண்டி 3 நிமிடத்தில் போய்ச் சேரும். இரண்டாவது வண்டிக்கு 10 நிமிடம் ஆகும். முந்திக் கேட்டவருக்கு மிக அருகிலுள்ள வண்டி என்பதே விதியானால், எனக்கு 2, அவருக்கு 10 என இருவரும் சேர்ந்து 12 நிமிடம் காத்திருப்போம். வண்டிகளை மாற்றி அனுப்பினால் எனக்கு 4, அவருக்கு 3, மொத்தம் 7 நிமிடம். நான் இழப்பது இரண்டு நிமிடம்; முகம் தெரியாத அந்த மனிதர் மிச்சப்படுத்துவது ஏழு நிமிடம். அந்த மனிதராக வேறொரு நாள் நான் இருப்பேன் என்பதால் இதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

இதற்காகத்தான் இத்தகைய செயலிகள், கோரிக்கை வந்த நொடியிலேயே ஒரு வண்டியை அனுப்பிவிடாமல், சில விநாடிகள் பொறுத்து, அந்த வட்டாரத்தில் சேர்ந்த கோரிக்கைகளையும் காலி வண்டிகளையும் ஒன்றாக வைத்துக் கணக்குப் போடுகின்றன. திரையில் ‘வண்டி தேடப்படுகிறது’ என்று ஓடும் அந்தச் சில விநாடிகளில் நடப்பது தேடல் அன்று, பங்கீடு. கணிதத்தில் இதற்கு ஒதுக்கீட்டுச் சிக்கல் என்று பெயர். அமெரிக்கக் கணிதவியலாளர் ஹெரால்ட் கூன், கோனிக், எகெர்வாரி என்னும் இரண்டு ஹங்கேரியர்கள் முன்பே செய்திருந்த ஆய்வின் மீது நின்று, 1955இல் இதற்கு ஒரு தீர்வுமுறையை வெளியிட்டார். அவர்களுக்கு மதிப்புச் செய்யும் வகையில் அதற்கு ஹங்கேரிய முறை என்றே பெயரும் வைத்தார். எந்த ஆளுக்கு எந்த வேலையைக் கொடுத்தால் மொத்தப் பயன் மிகும் என்று பார்ப்பதற்காக எழுதப்பட்ட அந்தக் கணக்கின் வழித்தோன்றல்களே இன்று நம் கைப்பேசிக்கு வண்டி அனுப்புகின்றன.

கணக்கு இத்துடன் நின்றுவிடுவதில்லை. பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு நிமிடத்தில் ஒரு பயணத்தை முடிக்கப்போகும் வண்டியும், காலியாக இருப்பதாகவே கருதப்பட்டுப் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. என் வண்டி வந்துகொண்டிருக்கும்போதே ஓட்டுநரின் பெயர் திடீரென்று மாறுவதை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். இடையில் இன்னும் பொருத்தமான ஒருவர் கிடைத்துவிட்டார் என்பது அதன் பொருளாக இருக்கலாம். சீனாவின் வாடகைக் கார் செயலி நிறுவனமான டிடியின் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு வண்டியை இப்போது இந்தப் பயணத்துக்கு அனுப்பினால், அது போய் இறங்கும் இடத்தில் அந்த வேளையில் அடுத்த பயணம் கிடைக்குமா என்பதையும் பழைய தரவுகளிலிருந்து கற்றுக்கொண்டு, அந்த எதிர்கால மதிப்பையும் இன்றைய ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொள்கிறது. நல்ல சதுரங்க ஆட்டக்காரர் காய் நகர்த்துவதைப் போன்றது இது. நகர்த்தப்படும் காய்களாக இருப்பது ஓட்டுநர்களுக்குப் பிடிக்குமா என்பது தனிக் கேள்வி.

எங்கே எத்தனை வண்டிகள் உள்ளன, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எண்ணுவதற்கு நகரத்தைக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஊபர் நிறுவனம் இதற்கு அறுகோணங்களைப் பயன்படுத்துகிறது. எச்3 என்னும் அந்த அமைப்பை 2018இல் யாவரும் பயன்படுத்துமாறு பொதுவில் வெளியிட்டது. சதுரக் கட்டத்தில், பக்கத்தில் உள்ள நான்கு கட்டங்கள் ஒரு தொலைவிலும் மூலைவாட்டில் உள்ள நான்கு கட்டங்கள் அதைவிடக் கூடிய தொலைவிலும் இருக்கும். அறுகோணத்தின் அண்டைக் கட்டங்கள் ஆறும் மையத்திலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பதால், தேவை ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் பரவுவதைக் கணக்கிடுவது எளிது. தேனீக்கள் எப்போதோ கண்டுபிடித்த வசதி. உருண்டையான பூமியை அறுகோணங்களால் மட்டும் முழுமையாக மூட முடியாது, பன்னிரண்டு ஐங்கோணங்கள் வந்தே தீரும் என்பதால், அந்தப் பன்னிரண்டையும் கடலுக்குள் விழும்படி அமைத்திருக்கிறார்கள். கடலின் நடுவில் நின்று எவரும் வண்டி கேட்கப்போவதில்லை அல்லவா? செய்நேர்த்தி மிக்க வேலை என்பதில் ஐயமில்லை.

ஒதுக்கீட்டில் நான் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம், ஏறும் இடம். மேற்சொன்ன கணக்குகள் யாவும், நான் எங்கே நிற்கிறேன் என்பது சரியாகத் தெரிந்தால்தான் பலிக்கும். உயரமான கட்டடங்களுக்கு இடையில் செயற்கைக்கோள் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால், கைப்பேசி காட்டும் இடம் சில பத்து மீட்டர் விலகிவிடுகிறது. நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையில் அந்தச் சில பத்து மீட்டர் என்பது மறுபக்கம் என்று பொருள். வண்டி அடுத்த திருப்பம் வரை போய்த் திரும்பி வரவேண்டும். அந்த நேரமெல்லாம் ஓட்டுநருக்கு ஊதியமில்லாத நேரம். நான் பயன்படுத்தும் செயலி, என் வீட்டு வாசலைப் பின்தெருவில் இருப்பதாகவே இரண்டு ஆண்டுகளாகக் கருதிவருகிறது. பின்தெருவில் வந்து நிற்கும் ஒவ்வோர் ஓட்டுநரையும் நானே தொலைபேசியில் வழிநடத்தி முன்வாசலுக்கு வரவழைத்திருக்கிறேன். பயணம் தொடங்கும் இடம் ஒவ்வொரு முறையும் செயலியில் பதிவாகத்தான் செய்கிறது. அதிலிருந்து அது ஏன் கற்றுக்கொள்வதில்லை?

மற்றொன்று, ஓட்டுநரின் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிவது. கோரிக்கை அவருடைய திரையில் சில விநாடிகளே நிற்கும். வண்டியை ஓட்டிக்கொண்டே அதற்குள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். குறுகிய பயணங்களை ஓட்டுநர்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகப் போகுமிடத்தை முதலில் மறைத்து வைப்பது பல சேவைகளில் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. பயணியின் நலனுக்காகச் செய்ததாகத் தோன்றினாலும், ஏற்றுக்கொண்ட பின் போகுமிடம் தெரிந்து ரத்து செய்வதற்கே அது வழி வகுத்தது. தகவலை மறைத்து ஒருவரை ஒப்புக்கொள்ள வைத்தால், தகவல் தெரியவரும் இடத்தில் அவர் பின்வாங்குவார். இந்த மறைக்கும் பழக்கந்தான் கட்டணத்தில் இன்னும் பெரிதாக வந்து நிற்கிறது.

கட்டணத்தைப் பற்றிப் பேசும்போது மீட்டரை மறந்துவிடக் கூடாது. ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் குஸ்தாஃப் புரூன் என்னும் ஜெர்மானியர் 1891இல் உருவாக்கிய டாக்சிமீட்டரின் பெருமை, அது துல்லியமாக அளந்தது என்பது மட்டுமன்று; பயணியும் ஓட்டுநரும் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் பார்த்தார்கள் என்பதுதான். வழக்கமான மீட்டர், வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓடும்போது தொலைவையும், அதற்குக் கீழே ஊரும்போதும் நிற்கும்போதும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். எந்த நொடியிலும் இரண்டில் ஒன்றுதான் ஓடும். செயலிகள் வந்தபோது, அடிப்படைத் தொகையுடன் கிலோமீட்டருக்கு இவ்வளவு, நிமிடத்துக்கு இவ்வளவு என இரண்டையும் சேர்த்தே கூட்டின. ஆனாலும் விகிதங்கள் வெளிப்படையாக இருந்தன. தாளும் பென்சிலும் இருந்தால் எவரும் சரிபார்த்துவிடலாம். தேவை மிகுந்த வேளையில் ‘1.8 மடங்கு’ என்று திரையிலேயே எழுதிக் காட்டினார்கள். அந்த எண்ணைப் பார்த்துக் கோபப்பட்டோம். ஆனால் கோபப்படுவதற்கு ஓர் எண்ணாவது இருந்தது.

சர்ஜ் என்று பொதுவாக அழைக்கப்படும் இந்தக் கூடுதல் கட்டணத்தைக் கொள்ளை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. மழை கொட்டும் மாலையில் விலையை உயர்த்தாமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? காலி வண்டிகள் தீர்ந்துபோகும். அடுத்துக் கேட்பவருக்கு 15 நிமிடத் தொலைவிலிருக்கும் வண்டிதான் கிடைக்கும். அந்த வண்டி 15 நிமிடம் காலியாக ஓடிவந்து, 10 நிமிடப் பயணம் ஒன்றைச் செய்யும். இப்படி எல்லா வண்டிகளும் பயணியை ஏற்றிச் செல்வதைவிடப் பயணியைத் தேடிச் செல்வதிலேயே பொழுதைக் கழிப்பதால், வண்டிகளின் எண்ணிக்கை குறையாமலேயே மொத்தப் பயணங்கள் குறைகின்றன. அதனால் தட்டுப்பாடு இன்னும் கூடுகிறது. கஸ்தீயோ, நாஃப்லே, வெய்ல் என்னும் மூன்று பொருளியலாளர்கள் 2017இல் இந்த வீண் ஓட்டச் சுழலை விளக்கி, விலையை உயர்த்துவது இதிலிருந்து மீளும் வழிகளுள் ஒன்று என்று காட்டினார்கள். மிகத் தொலைவிலுள்ள வண்டிகளை ஒதுக்காமல் விடுவது மற்றொரு வழி. ‘இப்போது வண்டிகள் இல்லை’ என்று செயலி கைவிரிப்பது சில வேளைகளில் இதனால்தான்.

நடைமுறையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 2015 புத்தாண்டு பிறந்த இரவில், நியூயார்க்கில் ஊபரின் சர்ஜ் கணக்கீடு தொழில்நுட்பக் கோளாறு காரணமாக 26 நிமிடம் செயலிழந்தது. கட்டணம் தாழ்ந்து நின்ற அந்த இடைவெளியில் காத்திருக்கும் நேரம் கூடியது. வந்த கோரிக்கைகளில் கால் பங்குக்கும் குறைவானவையே பயணமாக நிறைவேறின. இதை ஆராய்ந்து எழுதிய மூவரில் இருவர் ஊபரிலேயே பணியாற்றியவர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆயினும் வாதம் வலுவானதே.

வலுவிழக்கும் இடம் வேறு. 2014 டிசம்பர் 15 அன்று சிட்னி நகரின் மார்ட்டின் பிளேஸில் ஓர் ஆயுததாரி மக்களைப் பிணை பிடித்தபோது, அப்பகுதியிலிருந்து தப்பி வெளியேற முயன்றவர்களின் கோரிக்கைகள் குவியக் கண்ட ஊபரின் கணக்கு, கட்டணத்தைப் பன்மடங்கு உயர்த்தியது. கண்டனம் எழுந்த பின் நிறுவனம் பயணங்களை இலவசமாக்கி, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. திருவிழாக் கூட்டத்தையும் உயிருக்கு அஞ்சி ஓடும் கூட்டத்தையும் அந்தக் கணக்கால் வேறுபடுத்த முடியவில்லை. இரண்டும் அதற்கு ஒரு கட்டத்துக்குள் குவியும் கோரிக்கைகள்தாம். அத்தகைய வேளையில் கையால் நிறுத்துவதற்கு ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்பதை அந்த நாள் காட்டியது. இந்தியாவில் 2020இல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் சர்ஜ் கட்டணத்துக்கு 1.5 மடங்கு என்ற உச்சவரம்பை வைத்தன. 2025இல் அது 2 மடங்காகத் தளர்த்தப்பட்டது. வரம்பு இருப்பது நல்லது. ஆனால் எதன் இரண்டு மடங்கு என்று பயணிக்குத் தெரிந்தால்தான் அந்த வரம்பு அவருக்குக் காவலாக இருக்கும்.

என் குறை தொடங்குவது இங்கேதான். ஊபர் 2016இல், பயணத்துக்கு முன்பே முழுத் தொகையையும் ஒரே எண்ணாகச் சொல்லும் முறைக்கு மாறியது. நான் பயன்படுத்தும் செயலி உட்படப் பிற சேவைகளும் அதே வழியில் வந்துவிட்டன. போக்குவரத்து நெரிசலில் எண் ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை என்ற அளவில் இது பயணிக்கு உண்மையான நன்மை. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் தொலைவும் நேரமும் மடங்கும் கரைந்து மறைந்துவிட்டன. முன்பு கட்டணம் என்பது ஓர் அளவு. இப்போது அது ஒரு பேரம், அதிலும் ஒரு தரப்பு மட்டும் பேசும் பேரம். ஊபர் சில தடங்களில், அந்தத் தடத்தில் செல்வோர் எவ்வளவு கொடுக்க முன்வருவர் என்ற மதிப்பீட்டையும் கட்டணத்தில் சேர்த்துக்கொள்வது 2017இல் வெளியே தெரியவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், கைப்பேசியில் மின்னேற்றம் தீரும் நிலையில் உள்ளவர்கள் கூடுதல் கட்டணத்தை எளிதில் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அந்நிறுவனத்தின் பொருளியல் ஆய்வாளர் ஒருவர் வானொலிப் பேட்டியில் சொல்லி, அதைக் கட்டணத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்றும் உடனே சேர்த்துக்கொண்டார். பயன்படுத்துவதில்லை என்பதை நம்பலாம். ஆனால் கவனித்திருக்கிறார்கள்.

ஒரு சிறிய சோதனையை நானும் செய்து பார்த்தேன். என் கைப்பேசியையும் மனைவியின் கைப்பேசியையும் மேசைமேல் அருகருகே வைத்து, ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கு, ஒரே வகை வண்டிக்கு விலை கேட்டேன். ஐந்து முறையில் மூன்று முறை எண்கள் வேறுபட்டன. இதைக் கொண்டு ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்று முடிவு கட்டுவது அவசரம்: இரண்டு கேள்விகளுக்கு இடையிலான சில விநாடிகளில் ஒரு வண்டி கட்டத்தை விட்டு வெளியேறியிருக்கலாம், ஒரு கணக்கில் தள்ளுபடி இருந்திருக்கலாம். நான் சொல்லவருவது அதைவிட எளியது. பழைய மீட்டரில் இப்படி ஒரு வேறுபாடு வந்தால் எது பழுது என்று கண்டுபிடித்துவிடலாம். இங்கே அந்த வழியே அடைக்கப்பட்டுள்ளது.

ஓட்டுநருக்குப் போகும் தொகையும் பயணி கொடுக்கும் தொகையும் முன்பு ஒரே எண்ணின் இரண்டு பகுதிகளாக இருந்தன: மொத்தத்தில் இத்தனை விழுக்காடு கமிஷன், மீதி ஓட்டுநருக்கு. ஒற்றை எண் முறை வந்தபின் இரண்டும் தனித்தனியாகக் கணக்கிடப்படக்கூடியவை ஆகிவிட்டன. ஒருமுறை பயணத்தின் முடிவில், ஓட்டுநர் தாமாகவே தம் திரையை என்னிடம் நீட்டிக் காட்டினார். நான் கொடுத்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அவருக்கு வந்திருந்தது. அன்று காலை அவருக்குக் கிடைத்த மற்றொரு பயணத்தில் பயணி எவ்வளவு கொடுத்தார் என்பதே அவருக்குத் தெரியாது. மடங்கைப் பெருக்கிக் கொடுத்தால் தேவை மிகுந்த நேரத்தில் ஓட்டுநர்கள் நீண்ட பயணங்களுக்கே காத்திருப்பார்கள் என்பதால், பயணத்துக்கு இவ்வளவு என்று நிலையான ஊக்கத்தொகை தரும் முறைக்குச் சில நிறுவனங்கள் மாறியிருப்பது நியாயமான காரணத்தால்தான். ஆனால் பயணி மடங்காகக் கொடுப்பதும் ஓட்டுநர் தொகையாகப் பெறுவதும் ஒன்றோடொன்று ஒட்டாதபோது, இடையில் எவ்வளவு நின்றது என்பது நிறுவனத்துக்கு மட்டுமே தெரிந்த செய்தியாகிறது.

வேறு வழிகள் இல்லாமலில்லை. நியூயார்க் நகரம் 2019 பிப்ரவரி முதல், ஒவ்வொரு பயணத்தின் தொலைவுக்கும் நேரத்துக்கும் ஏற்ப ஓட்டுநருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தைச் சூத்திரமாகவே வகுத்துவிட்டது. வண்டி காலியாகக் காத்திருக்கும் நேரமும் அந்தச் சூத்திரத்தில் இடம்பெறுகிறது. ரஷ்யாவின் யாகுட்ஸ்க் நகரில் தொடங்கிய இன்டிரைவ் சேவையில் பயணி ஒரு விலையைச் சொல்வார். ஓட்டுநர் ஏற்கலாம், மறுவிலை கேட்கலாம். மழையில் நனைந்துகொண்டு பேரம் பேசுவது எனக்கு ஒத்துவராது. ஆயினும் இருவரும் ஒரே எண்ணைப் பார்க்கிறார்கள் என்ற பழைய மீட்டரின் நற்குணம் அதில் தப்பிப் பிழைத்திருக்கிறது.

ரத்துக் கட்டணம், உதவி மையம் ஆகியவற்றைப் பற்றித் தனியே எழுத ஒன்றுமில்லை. முதலாவது விதிப்படி நடக்கிறது, இரண்டாவது விரைவாகப் பதில் தருகிறது. அந்த விரைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. சென்ற மாதம், வழக்கமாகச் செல்லும் ஒரு தடத்துக்கு, நெரிசலும் மழையும் இல்லாத ஒரு பிற்பகலில், வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு கட்டணம் காட்டியது. அவசரம் காரணமாக ஏறிப் போய்விட்டேன். ரசீதில் ‘பயணக் கட்டணம்’ என்று ஒரு வரியும் வரிகள் என்று ஒரு வரியும் மட்டும் இருந்தன. தொலைவுக்கு எவ்வளவு, நேரத்துக்கு எவ்வளவு, தேவை மிகுதிக்கு எவ்வளவு, ஓட்டுநருக்கு எவ்வளவு சென்றது எனப் பிரித்துத் தரும்படி எழுதிக் கேட்டேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: பயணத்தைத் தொடங்குவதற்கு முன்பே அந்தத் தொகை எனக்குக் காட்டப்பட்டது, நான் அதற்கு ஒப்புதல் அளித்திருக்கிறேன், இத்துடன் என் புகார் தீர்த்துவைக்கப்பட்டதாகக் கருதப்படும். கீழே, கிடைத்த பதில் மனநிறைவு அளித்ததா என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள் இருந்தன.